ஞாயிறு கோட்டைப் பயணம் (யாழ்ப்பாணம்): எங்கடை வீட்டுக் குழு

நிரோ: மாமா, ஞாயிறு ஊர்காவற்றுறைக் கோட்டை பாக்கப் போறம். 5 பேர், 3 மோட்டச்சைக்கிள். என்னென்ன கவனிக்கோணும்?

சிவம் மாமா: எந்தக் கோட்டை? கடலுக்கை நிக்கிறது கடற்கோட்டை. அது நேவியின்ரை கையிலை, காரைநகர்ப் பக்கத்தாலை அவையின்ரை போட்டிலைதான் போகலாம். கரையிலை பத்தைக்கை கிடக்கிறது மற்றது.

நிரோ: கரையிலை கிடக்கிறதுதான்.

சிவம் மாமா: அப்ப முதல் விதி, சுவரிலை ஏறக்கூடாது. பாக்க மொத்தமா இருக்கும், நம்பாதே. ரெண்டு பக்கமும் முருகைக்கல் (கடல் பவளக்கல்) அடுக்கி, நடுவிலை உடைஞ்ச கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொட்டிக் கட்டினது. வெளிக்கல் ரெண்டு விழுந்தால் உள்ளுக்கை கிடக்கிறது சாக்கிலை ஓட்டை விழுந்த மாதிரிக் கொட்டும்.

கஜன் அண்ணா: சாந்தை விரலாலை அமத்திப் பார். மாவாக் கொட்டினால் உப்பு வேலை செய்யுது எண்டு அர்த்தம். முருகைக்கல் ஈரத்தை உறிஞ்சும், காயேக்கை உப்புப் பளிங்கு உள்ளுக்கை பருத்துச் சாந்தை நொருக்கும். மழை விட்டு வெயில் எறிக்கிற நாளிலை அடிச்சுவருக்குக் கிட்ட இருக்காதேங்கோ. சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளி நில்லுங்கோ.

நிரோ: சுவரிலை முளைச்ச ஆல் அரசை வெட்டி விடலாமோ? பாவமா இருக்கு.

கஜன் அண்ணா: தொடவே வேண்டாம். இண்டைக்கு அந்த வேர்தான் பாதிச் சுவரைக் கட்டிப் பிடிச்சிருக்கு. இழுத்தால் கல்லோடை வரும். அதோடை தொல்லியல் சட்டத்திலை கல்லொண்டு எடுக்கிறதும் குற்றம். சீமெந்து பூசி ‘திருத்துற’ ஆக்களும் இருக்கினம், அது அதைவிட மோசம். சீமெந்துக்குள்ளாலை ஈரம் போகாது, பக்கத்துக் கல்லாலை வெளியேறும். கடைசியிலை கல் கரைஞ்சு சீமெந்து மட்டும் பொருக்கு மாதிரி நிக்கும்.

சுபா மாமி: படம் எடுக்கிறதெண்டால் பின்னேரம் 5 மணிக்குப் பிறகு எடு பிள்ளை. சாய்வு வெயிலிலை தான் கல்லடுக்கு வடிவாத் தெரியும். பக்கத்திலை ஒரு அடிமட்டம் வை, இல்லாட்டி அளவு விளங்காது. நேவி முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதே. ட்ரோனுக்கு அனுமதி வேணும்.

நிரோ: கிட்டடியிலை சண்டைக்காலப் பங்கரும் (பதுங்குகுழி) இருக்காம்?

சிவம் மாமா: உள்ளுக்கை போகவே கூடாது. கூரைப் பனங்குத்தி கறையான் திண்டு பொள்ளலாப் போயிருக்கும், மேலை கிடக்கிற மண்ணின்ரை பாரம் அப்படியே இருக்கு. உள்ளுக்கை பாம்பும் இருக்கும். வாசலிலை நிண்டு ரோச் அடிச்சுப் பார், காணும்.

சுபா மாமி: செருப்போடை போகாதேங்கோ. கணுக்கால் மூடின சப்பாத்து, நீளக் காற்சட்டை. சுருட்டை விரியன் மணலிலை கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தடியாலை முன்னுக்குத் தட்டித் தட்டி நடவுங்கோ. கடிச்சால் கட்டுப் போடாதேங்கோ, கீறாதேங்கோ, கையைக் காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு.

சிவம் மாமா: பெரிசு இதுதான். துருப்பிடிச்ச உருளையோ வயரோ கண்டால் தொடாதே, உதையாதே, சண்டைக்கால வெடிபொருளா இருக்கலாம். வந்த காலடியிலையே திரும்பி வந்து 119க்குச் சொல்லு. பத்தைக்கு நெருப்பு வைக்கவே கூடாது, சூட்டிலை வெடிக்கும். கண்ணிவெடிச் சிவப்புப் பலகை கண்டால் அங்காலை ஒரு அடியும் வேண்டாம்.

நிரோ: தண்ணி எவ்வளவு?

சுபா மாமி: ஆளுக்கு 3 லீற்றர். அங்கை நிழலில்லை, கடையும் கிட்ட இல்லை.

கஜன் அண்ணா: 1658இலை ஒல்லாந்தர் கடற்கோட்டையைப் பிடிச்சதும் உள்ளுக்கை இருந்த போர்த்துக்கேயருக்குத் தண்ணி முடிஞ்சதாலை தானே 😄 ரெண்டு கோட்டையும் ஒரே கடல் வாய்க்காலைக் காத்தது. கரையிலை நிண்டு பார், ஏன் எண்டு விளங்கும்.

நிரோ: போற வழி?

சிவம் மாமா: பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை. வரேக்கை பாதையிலை (ஆக்களையும் சைக்கிளையும் ஏத்துற மிதவை) காரைநகருக்குக் கடந்து பொன்னாலையாலை வரலாம். கடைசிப் பாதை எத்தினை மணிக்கு எண்டு போன உடனை துறையிலை கேட்டு வை. காத்து கடுமையெண்டால் ஓடாது, அப்ப வந்த வழியே திரும்பு. ராங்கிலை பெற்றோல் அதுக்கும் காணுற மாதிரி அடி.

நிரோ: சரி மாமா. விடிய 6 மணிக்கு வெளிக்கிடுறம்.

சுபா மாமி: படத்துக்கு 5 மணி எண்டு சொன்னனான். விடிய 6க்குப் போய் வெயிலுக்கை என்ன செய்யப்போறியள்? மத்தியானம் 2 மணிக்கு வெளிக்கிடுங்கோ.

கஜன் அண்ணா: 2க்குப் போனால் கடைசிப் பாதை தவறலாம், அப்ப வேலணையாலை தான் திரும்போணும். அதுக்கேத்த மாதிரி லைற்றைச் செக் பண்ணு.