அப்பாவின் ஸ்கேன்: சிறுநீர் கழித்த பிறகும் 140 மி.லி. மீதம் என்கிறார்கள்

மூத்தமகள்:
அப்பாவுக்கு வயது 68. இரவில் நான்கைந்து முறை எழுந்து போகிறார். சிறுநீர் மெல்லிய தாரையாக விட்டுவிட்டு வருகிறது. நேற்று வயிற்று ஸ்கேன் எடுத்தோம். புராஸ்டேட் சுரப்பி 52 கன செ.மீ., கழித்தபின் சிறுநீர்ப்பையில் மீதம் 140 மி.லி. சிறுநீரகங்களில் வீக்கம் இல்லை. அறுவை சிகிச்சைதான் என்று அப்பா முடிவே செய்துவிட்டார். ஒன்று என்னை உறுத்துகிறது. எங்கள் முறை வருவதற்குள் இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் வியர்த்துப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதனால் அளவு மாறுமா?

ஒலியலை:
மாறும், அம்மா. 19 ஆண்டுகளாக இந்த ஸ்கேன்தான் எடுக்கிறேன். பை மிதமிஞ்சி நிரம்பினால் அதன் தசை இழுபட்டுத் தளர்ந்துவிடும். பிறகு முழுவதையும் பிழிந்து வெளியேற்ற அதனால் முடியாது. திரையில் கறுப்பாக ஒரு குளம் தேங்கி நிற்கும். அதில் எவ்வளவு நோயால், எவ்வளவு காத்திருந்ததால் என்று ஒரே அளவை வைத்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்களை நான் மறுபடி கழிப்பறைக்கு அனுப்பிவிடுவேன். சென்ற வாரம் ஒரு பெரியவருக்கு முதலில் 160. பத்து நிமிடம் கழித்துப் போய்வந்ததும் 45.

நிரம்பிய பை எங்களுக்கு வேண்டும்தான். காற்று நிறைந்த குடலை அது ஒதுக்கித் தள்ளும். நீர் வழியே ஒலியலை தடையின்றிப் போய், அடியில் இருக்கும் புராஸ்டேட்டைக் காட்டும். அதற்கு 300 மி.லி. தாராளம். வியர்க்கும் வரை யாரையும் உட்கார வைக்கக் கூடாது. எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

நடுஇரவு:
52 என்ற எண்ணைக் கண்டு பயப்படாதீர்கள். என்னுடையது 80, மாத்திரையிலேயே நன்றாக இருக்கிறேன். என் அண்ணனுக்கு 30தான், அவருக்குத்தான் நீர் அடைத்துக் குழாய் போட்டார்கள்.

ஒலியலை:
உண்மை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் அந்தக் கன அளவு. சுரப்பி எந்தப் பக்கம் வளர்ந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. சிறிய சுரப்பியும் பையின் வாய்க்குள் மேலெழும்பி நின்றால் மூடி போல அடைத்துக்கொள்ளும். அந்த எழும்பல் எத்தனை மி.மீ. என்று கேளுங்கள், 10க்கு மேல் என்றால் அடைப்புக்கு வாய்ப்பு அதிகம். இன்னொன்று, இந்த ஸ்கேனை வைத்துப் புற்றுநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கான இரத்தப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இதற்கிடையில் சிறுநீர் அறவே நின்று அடிவயிறு வலித்தால், ஸ்கேனுக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மூத்தமகள்:
இன்று மறுபடி எடுத்தோம். வழக்கமான உந்துதல் வந்தவுடன் சொல்லிவிட்டோம், உடனே உள்ளே அழைத்தார்கள். மீதம் 85. எழும்பல் 6 மி.மீ. மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் அளக்கலாம் என்றார் மருத்துவர். இரத்தமும் கொடுத்திருக்கிறோம். அப்பா திரும்பி வரும் வழியெல்லாம் தூங்கினார்.