மொரிசியஸில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: கடற்கரை தவிர என்ன பார்த்தீர்கள்?

தீவின் நடுமேட்டு ஊரான கியூர்பீப்பில் வேலை பார்த்தவர்:

மொரிசியஸ் என்றாலே நீலக் கடலும் ஓலைக் குடையும்தான் போட்டோவில் வரும். நான் இருந்ததோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில். தலைநகர் போர்ட் லூயியில் வியர்த்து ஊற்றும், இருபது கிலோமீட்டர் ஏறி வந்தால் கியூர்பீப்பில் தூறல். தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் ஈரமெல்லாம் நடுமேட்டில்தான் கொட்டும், ஆண்டுக்கு 4,000 மி.மீ. வரை. மலையைத் தாண்டி மேற்குக் கரைக்குப் போனால் அதில் கால்வாசி தேறினால் அதிகம். ஜூலை, ஆகஸ்டில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. துவைத்த துணி காய்வதற்குள் வீடெல்லாம் பூஞ்சை வாடை.

நவம்பரிலிருந்து புயல் பேச்சு ஆரம்பித்துவிடும். எச்சரிக்கையைக் கிளாஸ் 1 முதல் 4 வரை சொல்வார்கள். ஒன்று என்றதும் கடையில் மெழுகுவத்தி, டின் மீன், ரொட்டி எல்லாம் காலி. இரண்டு என்றால் பள்ளிக்கூடம் இல்லை. மூன்று வந்தால் பஸ் நின்றுவிடும், எல்லோரும் வீட்டுக்குள். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் காற்று அடிக்கத் தொடங்கினால் நான்கு. பக்கத்து வீட்டுப் பெரியவர் எதையும் 'கரோலுக்கு முன், கரோலுக்குப் பின்' என்றுதான் கணக்கு வைப்பார். 1960 பிப்ரவரியில் வந்த புயல் அது. ஓலை வீடும் தகர வீடும் பறந்தபின் தீவு கான்கிரீட்டுக்கு மாறியது. மொட்டைமாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும், பின்னால் மகனுக்கு மாடி எடுக்க. ஆனால் கான்கிரீட் காற்றைத்தான் தாங்கும். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயி தெருவில் கார்கள் மிதந்ததை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள்.

ஆடைத் தொழிற்சாலையில் இருந்தவர்:

அண்ணன் மழையைச் சொல்லிவிட்டார், நான் கல்லைச் சொல்கிறேன். கரும்புக் காட்டு நடுவில் கருங்கல்லைக் கோபுரம் மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். எரிமலைத் தீவு என்பதால் மண்ணைவிடக் கல்தான் அதிகம். அடிமைகளும், 1834-க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் நாட்டுக்காரர்களும் கையால் பொறுக்கி அடுக்கியவை அவற்றில் நிறைய. கூலிகள் வந்து இறங்கிய அப்பிரவாசி காட், போர்ட் லூயி துறைமுகத்தில் இருக்கிறது. ஷாப்பிங்குக்குப் போகும் நேரத்தில் பாதியை அங்கே செலவழிக்கலாம்.

1968-இல் சுதந்திரம் வந்தபோது ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சர்க்கரைதான். 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தபின்தான் எங்களைப் போன்ற தையல் ஆலைகள் வந்தன. அப்புறம் சுற்றுலா, வங்கி. இன்றும் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஷிப்ட் முடிந்ததும் தள்ளுவண்டியில் தால் பூரி. பருப்பு அரைத்து உள்ளே வைத்த மெல்லிய ரொட்டி, ஜோடியாகத்தான் தருவார்கள். மொச்சைக் குழம்பு, தக்காளித் தொக்கு, மிளகாய். கேட்காமலே மிளகாயை அள்ளி வைப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

காவடிக்குப் போன ஒரு அக்கா:

தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. பத்து நாள் விரதம், அலகு, தென்னங்குருத்தும் பூவும் கட்டிய காவடி, இரண்டு பக்கமும் பால் செம்பு. வெயிலில் அவ்வளவு தூரம் நடந்தும் பால் திரியக்கூடாது என்பதில் எல்லோருக்கும் கண். என் பக்கத்தில் நின்ற பாட்டிக்குத் தமிழில் 'முருகா' தவிர ஒன்றும் வராது, பேச்செல்லாம் அந்த ஊர் மொழியான கிரியோல். ஆனால் செம்பை மூடியிருந்த வாழை இலை நழுவியதும், பேரனை ஒரு அதட்டு அதட்டி அவரே முடிச்சுப் போட்ட விதம் எங்கள் அத்தையேதான்.

சாப்பாடு கோயிலில் வாழை இலையில், ஏழு கறி. பூசணி, வாழைக்காய், பலாக்காய், கூடவே 'ரசோன்' என்று நம்ம ரசம். கையில் இருந்த ரூபாய் நோட்டிலும் தமிழ். 1998-இல் புது நோட்டில் மொழிகளின் வரிசையை மாற்றித் தமிழைக் கீழே இறக்கியதற்கு அங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பி, நோட்டையே திரும்பப் பெற்றார்கள்.

ஒன்று மட்டும். காவடி வருவது புயல் மாதத்தில். தேதி மாற்ற முடியாத டிக்கெட் போடாதீர்கள். கரும்பு வெட்டு பார்க்க ஆசை என்றால் ஜூன் முதல் டிசம்பருக்குள் போங்கள்.