தூத்துக்குடியிலிருந்து நேராக வெளிநாடு போக முடியுமா?

கேள்வி: நம்ம தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தாச்சு, ரன்வேயும் 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டர் ஆகிவிட்டது. இனி துபாய்க்கு இங்கிருந்தே பறக்கலாமா? திருவனந்தபுரம் போய்ப் போய் அலுத்துவிட்டது.

முத்துநகர்: நீளம் மட்டும் போதாதுங்க. முன்பு ஏடிஆர் மாதிரி சின்ன விமானம்தான் இறங்கும், இப்போது ஏர்பஸ் 321 வரை இறங்கலாம், சரி, ஆனால் வெளிநாட்டுக்கு என்றால் குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம் வேண்டும், அப்புறம் தினமும் இருக்கை நிரம்பும் என்று விமான நிறுவனம் நம்ப வேண்டும்.

வைகைக்கரை: உங்களுக்கு ரன்வேயாவது நீண்டது! மதுரையில் இன்னும் 2,286 மீட்டர்தான், நீட்டணும்னா சுற்றுச்சாலை குறுக்கே நிற்கிறது.

கடலோரம்: பயணிகளை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்திலேயே துறைமுகம், மீன் ஏற்றுமதி. குளிரூட்டிய சரக்குக் கிடங்கு வந்தால் மீன் இங்கிருந்தே பறக்கும், அதைத்தான் முதலில் கேட்கணும்.