4 + 2 + 1 டிபி: மூன்று ஹார்ட் டிஸ்க்கையும் ஒன்றாக்கி சிசிடிவி பதிவை 30 நாளுக்கு நீட்டலாமா?

செந்தூல் டெரஸ்

வணக்கம். டெரஸ் வீடு, ஆறு கேமரா, எல்லாமே 4 மெகாபிக்சல். எட்டாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப், விண்டோஸ் 11, பதிவு செய்ய புளூ ஐரிஸ் மென்பொருள். எச்.265 வீடியோ சுருக்கமுறை, கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்), 24 மணி நேரப் பதிவு. இப்போது இருப்பது ஒரே ஒரு 4 டிபி சிசிடிவி டிஸ்க். இரண்டு வாரத்தில் பழையதை அழித்து மேலே எழுதிவிடுகிறது. தாமானில் ஏதாவது நடந்தால் மூன்று வாரம் கழித்துத்தான் வந்து பதிவு கேட்கிறார்கள், அதனால் 30 நாள் வேண்டும்.

கையில் சும்மா கிடப்பவை: 2 டிபி டெஸ்க்டாப் டிஸ்க், 1 டிபி லேப்டாப் டிஸ்க். மூன்றையும் சேர்த்து ஒரே டிரைவாகக் காட்ட எது நல்லது? விண்டோஸின் ஸ்டோரேஜ் ஸ்பேசஸா, டிஸ்க்குகளை வரிசையாக ஒட்டும் ஸ்பேன்ட் வால்யூமா, பல டிஸ்க்கில் பிரித்து எழுதும் ரெய்டா? பவர் சப்ளை 300 வாட். டிஸ்க்குக்கான சாட்டா பவர் இணைப்பு ஒன்றுதான் மீதி.

பிறை மின்னியல்

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 4 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு அரை எம்பி, நாளைக்கு 43.2 ஜிபி. ஆறுக்கும் சேர்த்து 259 ஜிபி. 30 நாளுக்கு 7.8 டிபி ஆகிறது. உங்களிடம் இருப்பதே மொத்தம் 7, அதில் பத்து சதவீதம் காலியாக விட்டால் 6.3. எப்படி ஒட்டினாலும் 24 நாளைத் தாண்டாது.

ஒட்டும் வழிகளில் ஸ்டோரேஜ் ஸ்பேசஸில்தான் மாட்டிக்கொள்வார்கள். 'சிம்பிள்' என்று தேர்ந்தெடுத்தால் அது டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. எழுதுவதைத் துண்டு போட்டு மூன்றிலும் சமமாகப் பரப்பும். 1 டிபி நிரம்பியதும் மூன்றாவது துண்டுக்கு இடமில்லை. 4-இல் 3-உம் 2-இல் 1-உம் காலியாகக் கிடக்கும்போதே எழுத்து நின்றுவிடும். ஆக, கிடைப்பது 3 டிபி. உருவாக்கும்போது திரையில் 7 என்று போட அது விடும் என்பதுதான் கொடுமை. பவர்ஷெல்லில் (விண்டோஸ் கட்டளைத் திரை) 'காலம்' (column: ஒரே நேரத்தில் எத்தனை டிஸ்க்கில் பரப்புவது) எண்ணிக்கையை 1 என்று கொடுத்து உருவாக்கினால் தப்பலாம். உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது.

இதேபோல் துண்டு போடும் ரெய்டு 0 போட்டாலும் அதே 3 டிபிதான். ஒரு டிஸ்க் செத்தாலும் தாங்கும் ரெய்டு 5 என்றால் 2 டிபி, இப்போது இருப்பதைவிடப் பாதி. ஸ்பேன்ட் வால்யூமில் முழு 7-உம் வரும், ஆனால் டிஸ்க்குகளை 'டைனமிக்' என்ற பழைய விண்டோஸ் வகைக்கு மாற்ற வேண்டும். மைக்ரோசாப்டே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. அதைவிட முக்கியம், மூன்றில் ஒன்று செத்தாலும் மொத்த வால்யூமும் போய்விடும். உங்கள் மூன்றில் முதலில் சாகப்போவது அந்த லேப்டாப் டிஸ்க். அதை நம்பி நல்ல 4 டிபியைப் பணயம் வைக்கிறீர்கள்.

என் கருத்து: ஒட்டவே வேண்டாம், கேமராக்களைப் பங்கு பிரியுங்கள். புளூ ஐரிஸில் ஸ்டோரேஜ் பகுதியில் 'நியூ', 'ஸ்டோர்ட்' தவிர 'ஆக்ஸ்' ஃபோல்டர்கள் தனியாக உண்டு. ஒன்றை 2 டிபிக்குக் காட்டுங்கள். பிறகு ஒவ்வொரு கேமராவின் ரெக்கார்ட் பக்கத்திலும் எந்த ஃபோல்டரில் எழுத வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள். வரம்பு தொட்டதும் 'டெலிட்' என்று இருக்கட்டும். 'மூவ்' என்று விட்டால் ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு இரவு பகலாக நகலெடுத்துக்கொண்டே இருக்கும்.

இப்போது பிட்ரேட், அதாவது நொடிக்கு எழுதும் அளவு. நொடிக்கு 15 பிரேம், 3 எம்பிபிஎஸ் என்று குறைத்தால் கேமராவுக்கு நாளைக்கு 32.4 ஜிபி. 4 டிபியில் நான்கு கேமரா, 2 டிபியில் இரண்டு. பத்து சதவீதம் காலியாக விட்டால் இரண்டிலும் கேமராவுக்கு 900 ஜிபி, 27.8 நாள். 2,750 கேபிபிஎஸ் என்று இன்னும் கொஞ்சம் இறக்கினால் 30 நாள் வந்துவிடும். 1 டிபி தேவையே இல்லை.

கெப்போங் வயர்மேன்

கணக்கு சரி. மின்சாரப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஓடும்போது 4 முதல் 6 வாட்தான். 300 வாட் தாராளம். சாட்டா இணைப்பு ஒன்று மீதி இருப்பதால் 2 டிபியை நேராக அதில் மாட்டுங்கள். ஸ்ப்ளிட்டர் வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஒயர்கள் பிளாஸ்டிக்கோடு வார்க்கப்பட்ட மோலெக்ஸ் (பழைய நான்கு முள் பவர் இணைப்பு)–சாட்டா வகை வேண்டாம். உள்ளே ஒயர்கள் நெருங்கி ஷார்ட் ஆகி எரிந்துபோவதற்குப் பேர்போனது அது. ஒயர் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கவ்வி நிற்கும் வகையைக் கேளுங்கள்.

மதர்போர்டுப் பலகையில் எம்.2 எஸ்எஸ்டி (நேராகச் செருகும் சிறு டிஸ்க்) இருக்கிறதா? பல பலகைகளில் அதைச் செருகினால் ஒரு சாட்டா போர்ட் செயலிழக்கும். "டிஸ்க் செத்துப்போச்சு" என்று தூக்கிக்கொண்டு லோயாட் கணினிக் கடைகளுக்கு ஓடுமுன் அடுத்த போர்ட்டில் மாட்டிப் பாருங்கள்.

ஏர்கோன் இல்லாத அறையில் மதியம் 32 டிகிரி சாதாரணம். மூடிய கேஸில் டிஸ்க் அதைவிட 10, 15 கூடுதலாக நிற்கும். டிஸ்க் கூண்டுக்கு முன்னால் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி, இரண்டு டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு இடம் காலி. 45-க்குக் கீழே வையுங்கள்.

இடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மதிய மழையில் ஆர்சிசிபி (மின்கசிவு பிரேக்கர்) விழுந்தால் பிசி அணைந்து, நீங்கள் வேலை முடிந்து வரும்வரை பதிவு இல்லை. 650 விஏ யுபிஎஸ் சிறு தடங்கலைத் தாங்கும். நீண்ட தடங்கலுக்கு, பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானாக எழும்பும்படி வைத்து, புளூ ஐரிஸை விண்டோஸ் சர்வீஸாக ஓட்டுங்கள். இல்லையென்றால் பாஸ்வேர்டு திரையிலேயே நின்றுகொண்டிருக்கும். வெளிக் கேமராக்களின் லேன் கேபிள் வழியாகவும் மின்னல் அலை உள்ளே வரும். அதற்குரிய சர்ஜ் புரொடெக்டரை எர்த்தோடு இணைத்தால்தான் பயன்.

ஆயர் ஈத்தாம் லினக்ஸ்

பிறை அண்ணன் சொல்வதில் ஒரு குறை. பங்கு பிரித்தால் ஒரு கேமரா எதிர்பாராமல் அதிகம் எழுதும்போது மற்ற டிஸ்க்கில் உள்ள காலி இடம் அதற்கு உதவாது. லினக்ஸில் மெர்ஜர்எஃப்எஸ் இருக்கிறது. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் சொந்த ஃபைல் சிஸ்டத்தோடு தனியாகவே இருக்கும், மேலே ஒரே ஃபோல்டராகத் தெரியும். அதிகக் காலி இடம் உள்ள டிஸ்க்கில் புதுக் கோப்பை எழுது என்று விதி வைத்தால் போதும். ஒன்று செத்தால் அதிலிருந்த கோப்புகள் மட்டும் போகும். லினக்ஸிலேயே உள்ள எல்விஎம் வேண்டாம், அதுவும் ஸ்பேன்ட் மாதிரிதான்.

புளூ ஐரிஸ் விண்டோஸில்தான் ஓடும் என்பதால் இவருக்காக அதை மாற்றச் சொல்லவில்லை. பிட்ரேட் பற்றி மட்டும் ஒன்று: விபிஆர் (காட்சிக்கேற்ப மாறும் பிட்ரேட்) என்று வைத்திருந்தால் 3 எம்பிபிஎஸ் உச்சவரம்பு மட்டும்தான். பகலில் அதற்குக் கீழேயே ஓடும். இரவில் இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில் மழைத்துளி, லென்ஸ் முன்னால் சிலந்தி வலை, அதில் மொய்க்கும் பூச்சி என்று வந்தால் வரம்பைத் தொட்டு நிற்கும். வாரம் ஒருமுறை வலையைத் துடைத்தால் நாள் கணக்கு கூடும், வீண் அலாரமும் குறையும்.

செந்தூல் டெரஸ்

நன்றி. பங்கு பிரிப்பது என்று முடிவு. 2 டிபியை, டிஸ்க் நலம் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பார்த்தேன்: 05 சுழியம், சி5 சுழியம், சி7-இல் 212. போடலாமா? டெஸ்க்டாப் டிஸ்க் என்பதால் வேகம் போதுமா?

பிறை மின்னியல்

போடலாம். 05-உம் சி5-உம் தான் தட்டு கெடுவதைச் சொல்பவை. சி7 கேபிளில் வந்த பிழை; எண்ணிக்கை ஒருபோதும் குறையாது. சாட்டா கேபிளை மாற்றுங்கள், 212 அப்படியே நின்றால் பிரச்சினை தீர்ந்தது. ஏறினால் போர்ட்டை மாற்றுங்கள்.

வேகம் பற்றிக் கவலை வேண்டாம். ஆறும் சேர்ந்து நொடிக்கு 2 எம்பிக்குச் சற்று மேல்தான். சிசிடிவி டிஸ்க்குக்கும் சாதாரண டிஸ்க்குக்கும் உள்ள வித்தியாசம் வேறு: கெட்ட இடம் வந்தால் சாதாரண டிஸ்க் அதையே திரும்பத் திரும்பப் படிக்கப் பார்த்து நீண்ட நேரம் உறைந்து நிற்கும், அவ்வளவு நேரமும் அதில் எழுதும் கேமராக்களின் பதிவு விடுபடும். அதனால் வாசல் கேமராவையும் கார் நிற்கும் இடத்தையும் 4 டிபியில் வையுங்கள். பின்பக்கச் சந்து, மாடிப்படி இரண்டும் 2 டிபிக்குப் போகட்டும்.

மாட்டியதும் 'குவிக் ஃபார்மட்' குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட். 2 டிபிக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும், கெட்ட இடம் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பார்ட்டிஷன் வகை ஜிபிடி, ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ், அலொகேஷன் 64கே. டிரைவ் எழுத்தை நிலையாக ஒன்று கொடுங்கள். பவர் ஆப்ஷனில் ஹார்ட் டிஸ்க் தூங்குவதை 'நெவர்' ஆக்குங்கள், டிஃபெண்டரில் (விண்டோஸின் வைரஸ் தடுப்பு) பதிவு ஃபோல்டர்களுக்கு விலக்கு கொடுங்கள். புளூ ஐரிஸின் டேட்டாபேஸ் எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும்.

4 டிபியை விண்டோஸ் 3,725 ஜிபி என்றும் 2 டிபியை 1,863 என்றும் காட்டும். வரம்பாக 3,300, 1,650 என்று போடுங்கள். கேமராவில் மைக் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். 64 கேபிபிஎஸ் ஒலி நாளைக்கு 0.7 ஜிபி தின்னும், பதிவுக் காலம் முக்கால் நாள் போல குறையும்.

அந்த 1 டிபியை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாராவது பதிவு கேட்டால் அந்தத் துண்டை அன்றைக்கே அதில் நகலெடுத்துவிடலாம், 30 நாள் கெடு அதற்குப் பொருந்தாது.