நிஜ ட்ரம்ஸ் மாதிரி கேட்கணும்னு சாஃப்ட்வேர் தேடினப்போ நடந்தது: உங்க அனுபவத்தையும் போடுங்க

நாலாங்கம்பி

நேரா விஷயத்துக்கு வரேன். வீட்டு ரெக்கார்டிங்குக்கு ட்ரம் சாஃப்ட்வேர் வாங்கணும்னு டெமோவா இறக்கி வச்சிருந்த சமயம். எங்க ஏரியாவுல ரொம்ப வருஷமா லைட் மியூசிக்ல வாசிக்கிற அண்ணன் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். எலக்ட்ரானிக் பேட் செட் கிடந்தது. யூஎஸ்பி போட்டு, "அண்ணே, நீங்களே வாசிச்சுப் பார்த்துச் சொல்லுங்க"ன்னேன்.

முதல்ல போட்டது எல்லாரும் வாங்கச் சொல்ற கிட் (சாஃப்ட்வேர்ல வர்ற ட்ரம் சத்தத் தொகுப்பு). பேரு வேணாம், சண்டை வரும். கிக் மிதிச்சார், சிரிச்சார். ஸ்நேர்ல ஓங்கி நாலு போடு. "அடேயப்பா, நம்ம செட்டு என்னைக்கு இப்படிக் கேட்டிருக்கு!" அதுவரைக்கும் சரி. அப்புறம் கைப்பழக்கத்துல மெதுவா ஒரு ரோல் எடுத்தார். கேட்டும் கேக்காம ஆரம்பிச்சு மேல ஏறி வருமே, அந்த ரோல். ஸ்பீக்கர்ல வந்தது டைப்ரைட்டர் சத்தம். டகடகடகன்னு ஒரே எழுத்தை அமுக்கிட்டே இருக்கிற மாதிரி. மனுஷன் நிறுத்திட்டுக் குனிஞ்சு பேடைத் தடவிப் பார்த்தார், பேடு கெட்டுப்போச்சுன்னு நினைச்சிருக்கார். அப்புறம் என்னைப் பார்த்து, "தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், இது வேற ஒண்ணு சொல்லுதே"ன்னார்.

அடுத்து ஒரு ஃப்ரீ கிட்டைப் போட்டேன், ரொம்பப் பேரு மதிக்காத ஒண்ணு. அதே ரோல். இந்தத் தடவை நிறுத்தவே இல்ல, அவர் பாட்டுக்கு வாசிச்சுட்டே இருந்தார். ஓங்கி அடிச்சா அது சப்புன்னுதான் இருக்கு. மெதுவா வாசிக்கிறப்போ மட்டும் அவர் கை அப்படியே தெரியுது.

யூடியூப்ல இருக்கிற டெமோ அத்தனையும் ஓங்கி அடிக்கிறதைத்தான் காட்டுது. மெதுவா வாசிச்சுக் காட்ட ஒருத்தனும் இல்ல. அதுதான் இன்னும் உறுத்துது. உங்களுக்கு இந்த மாதிரி ஏதாவது?

---

மொட்டைமாடி ஸ்டூடியோ

என் கதை சின்னது. ராத்திரி பாட்டு மிக்ஸ் பண்ணிட்டு இருந்தேன், ட்ரம்ஸ் எல்லாம் ஈஸிட்ரம்மர் 3ங்கிற சாஃப்ட்வேர். காலிங் பெல். கீழ் வீட்டு சார். "தம்பி, பகல்ல எவ்வளவு வேணா வாசிங்க, ராத்திரியில ட்ரம்ஸ் வேணாமே." சார், இது கம்ப்யூட்டர்னேன். நம்பாம உள்ள எட்டி ரூமைப் பார்த்தார். அதைவிட சர்டிஃபிகேட் எனக்கு வேற வேணாம்.

இப்போ நாலாங்கம்பிக்கு. உங்க கிட்டு மேல தப்பு இருக்காது ப்ரோ. பேட் மாட்யூல்ல வெலாசிட்டி கர்வ்னு ஒண்ணு இருக்கும், எவ்வளவு பலமா அடிச்சா எந்த நம்பர்னு முடிவு பண்றது. மிடியில (பேடு கம்ப்யூட்டருக்கு அனுப்புற சிக்னல்) அடியோட பலம் 1 முதல் 127 வரைதான். அந்த கர்வ் சரியில்லன்னா மெதுவா அடிக்கிறது எல்லாம் ஒரே நம்பர்ல போய் விழும். ஒரே நம்பர் வந்தா ஒரே லேயர் (ஒரே பலத்துல பதிஞ்ச சத்தம்), ஒரே லேயர்ல ரவுண்ட் ராபின் சாம்பிள் (மாத்தி மாத்திப் போட வச்சிருக்கிற பதிவு) கம்மியா இருந்தா டைப்ரைட்டர்தான் வரும்.

மத்தவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன், இங்க பாதிப் பேரு கிட்டை மாத்திட்டே இருக்கீங்க. கிட் திறந்ததும் ப்ரீசெட்ல இருக்கிற கம்ப்ரெஸரையும் (சத்த ஏத்த இறக்கத்தைச் சமன் பண்றது) ரிவெர்பையும் (எதிரொலி) முதல்ல ஆஃப் பண்ணுங்க. கடைக்காரன் வாசல்ல தொங்கவிட்ட சட்டை அது. அப்புறம் ஓவர்ஹெட் (செட்டுக்கு மேல நிக்கிற) மைக் ரெண்டை மட்டும் ஏத்திக் கேளுங்க. அதுலயே பாட்டு முக்கால்வாசி நிக்கணும். அதுக்கப்புறம்தான் கிக், ஸ்நேரோட க்ளோஸ் மைக். ப்ளீட் ஆப்ஷன் இருந்தா ஆன்லயே இருக்கட்டும். நிஜ ரூம்ல ஸ்நேர் அடிச்சா டாம் மைக்குலயும் விழும், டாம் தோலும் லேசா அதிரும். அந்த அழுக்கு இல்லாததுதான் "ஃபேக்"னு காதுக்குச் சொல்லுது. பேக்பீட் (2, 4ல விழற) ஸ்நேர் எல்லாத்தையும் 127ல வைக்காதீங்க, 105க்கும் 118க்கும் நடுவுல உலாத்த விடுங்க. கோஸ்ட் நோட் (நடுவுல லேசா விழற அடி) 20ல இருந்து 40க்குள்ள. ஹை-ஹேட்ல ஒண்ணுவிட்டு ஒண்ணு குறைங்க. கிக் கிரிட்ல (ஸ்க்ரீன்ல இருக்கிற தாளக் கோடு) இருக்கட்டும், ஸ்நேரை மட்டும் சில மில்லிசெகண்ட் பின்னால தள்ளுங்க. மல்டி அவுட் போட்டு தனித்தனி ட்ராக்கா எடுங்க. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ரூம் ரிவெர்ப். கடைசியா, ஒரு நிஜ ஷேக்கரோ டாம்பரினோ கையால வாசிச்சு மேல போடுங்க. கேக்குறவன் காது அந்த ஒண்ணை நம்பிட்டு மீதியையும் நம்பிடும்.

---

நாலாங்கம்பி

ப்ரோ, ரெண்டு கிட்டுக்கும் அதே பேடு, அதே கர்வ். ஒண்ணுல வந்தது, ஒண்ணுல வரல. நான் கேட்டது அனுபவம்.

---

கேரல் சீசன்

சர்ச்ல கீபோர்டு வாசிக்கிறேன். எங்களுக்கு ட்ரம்மர் கிடையாது. கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு வீட்டுலயே ட்ராக் பண்ணி ஸ்பீக்கர்ல ஓடவிடுவோம். பாட்டு 6/8 தாளம், நல்ல துள்ளல். சாஃப்ட்வேர்ல 6/8னு போட்டுத் தேடினதும் க்ரூவ் (ரெடியா வாசிச்சு வச்ச தாளம்) வரிசையா வந்துச்சு. சத்தம்னா சத்தம், அப்படி ஒரு சுத்தம். நிஜ ஆளு, நிஜ ரூம், எல்லாம் நிஜம்.

முதல் வீட்டு வாசல்ல பாட்டு ஆரம்பிச்சுது. ரெண்டாவது சரணத்துல பாத்தா லேடீஸ் பக்கம் கைத்தட்டல் முந்திப் போகுது, ட்ரம்ஸ் அங்கேயே நிக்குது. ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "ஏல, ஓட்டு அதை!"ன்னு கை காட்டுறாங்க. டெம்போ சரிதான், க்ளிக்ல (மெட்ரோனோம்) செட் பண்ணினது. ஆனா அந்த க்ரூவ் மொத்தமும் ஒண்ணுல கிக், நாலுல ஸ்நேர்னு சாஞ்சு உக்காந்து வாசிக்கிற ப்ளூஸ் 6/8. நம்ம சனம் ரெண்டு இடத்துலயும் ஒரே பலத்துல தட்டும். அதுமில்லாம நடுவுல வர்ற அந்தக் குட்டி அடி நம்ம பாட்டுல சரியா மூணாப் பிரியாது, கொஞ்சம் சரிஞ்சு விழும். திஸ்ரம்னு சொல்லிட்டா மட்டும் அது வந்துடாது.

கிட்டு நல்லா இருந்துச்சுங்கறதுதான் எனக்கு எரிச்சலே. ஆளு எவ்வளவு நிஜமோ அவ்வளவுக்கு அவரு நம்ம ஊரு ஆளு இல்ல.

---

ரிம்ஷாட்

நான் ட்ரம்மர், இதுதான் தொழில். மேல கர்வ், கம்ப்ரெஸர்னு கிளாஸ் எடுத்தவருக்கு ஒண்ணு. அந்த அண்ணன் ரோல் வாசிச்சுட்டு வேற வருதுன்னா வேறதான் வருது. ஸ்டிக் புடிச்ச கைக்குத் தெரியாததா உங்க கிராஃபுக்குத் தெரியும்?

என் விஷயம். ஒரு ஹோம் ஸ்டூடியோவுல கூப்பிட்டாங்க. ட்ரம்ஸ் வாசிக்க இல்ல, "மிடியில போட்டுட்டோம், மனுஷன் வாசிச்ச மாதிரி இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க, பேமென்ட் உண்டு"ன்னு. சுப்பீரியர் ட்ரம்மர் 3 போட்டிருந்தாங்க. 2017ல வந்தது, பெல்ஜியத்துல கேலக்ஸி ஸ்டூடியோஸ்ல ஜார்ஜ் மாஸன்பர்க் ரெக்கார்டு பண்ணின சத்தம். சத்தத்துல குறை சொல்ல எனக்கே வாய் வரல. ஸ்க்ரீனைப் பாத்தேன். ஃபில் (பாட்டுல ஒரு பகுதி முடியறப்போ வர்ற உருட்டல்) வர்ற இடத்துல டாம்ல ரெண்டு கையும் ஓடுது, அதே நேரத்துல ஹை-ஹேட்டும் ஓடுது, முடியற அடியில ரெண்டு க்ராஷ், கூடவே ஸ்நேர். "இந்த அடிக்கு மூணாவது கை எங்க இருந்து வந்துச்சு?"ன்னு கேட்டேன். ப்ரொட்யூசர் தம்பி என் கையைப் பாத்தான், தன் கையைப் பாத்தான், மேஜையில தட்டி எண்ண ஆரம்பிச்சான். பக்கத்துல பாடகி சிரிப்பை அடக்க முடியாம வெளிய போயிட்டாங்க.

இந்த மூணு கையை ஆறு மாசக் குழந்தைகூட காதால புடிச்சிடும், ஏன்னு சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். அதே மாதிரி ஹை-ஹேட் கால். ஜெனரல் மிடியில (எந்தச் சத்தத்துக்கு எந்த நம்பர்ங்கிற பொது வரிசை) 42 மூடினது, 46 திறந்தது, நடுவுல 44 காலால மூடுறது. அந்த 44ஐத் தொடுறவன் யாருமே இல்ல. ஃபில் வாசிக்கிறப்போ எங்க இடது கால் சும்மா இருக்காதுய்யா. திறக்கிறதும் மூடுறதும் ரெண்டே நிலை இல்ல, நடுவுல நூறு இருக்கு. பெடல் கன்ட்ரோலர் நம்பர் 4ல அது மொத்தமும் வரும், கிட்டும் அதுக்குத் தகுந்த மாதிரி சாம்பிள் வச்சிருக்கணும். வாங்குறதுக்கு முன்னாடி ஹை-ஹேட்டை மட்டும் சோலோ பண்ணிக் கேளுங்க. கிக்கும் ஸ்நேரும் இன்னிக்கு எல்லாரும் நல்லாத்தான் வச்சிருக்காங்க. காட்டிக்கொடுக்கிறது தட்டுதான் (சிம்பல்).

---

மொட்டைமாடி ஸ்டூடியோ

ட்ரம்மர் அண்ணே, கோவம் வேணாம். 1980லயே ரோஜர் லின் நிஜ ட்ரம்ஸ் சாம்பிளை மெஷின்ல போட்டு எல்எம்-1னு வித்துட்டார். அப்பவும் இதே பேச்சுதான். பட்ஜெட் இல்லாதவன் என்ன பண்ணுவான்? ஆப்பிள்காரன் லாஜிக்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல 2013லயே தானா வாசிக்கிற ட்ரம்மர்னு ஒண்ணு சேர்த்துட்டான், லாஜிக் இருந்தா அதுக்குத் தனியா காசு கிடையாது, அது மூணு கையில வாசிக்காது. மேக் இருக்கிறவங்க அதுல ஆரம்பிங்க. விண்டோஸ்னா எம்டி பவர் ட்ரம் கிட் ஃப்ரீ, ஸ்டீவன் ஸ்லேட் ட்ரம்ஸுக்கும் ஃப்ரீ வெர்ஷன் இருக்கு.

---

தென்காசிச் சாரல்

நீங்கல்லாம் ராக் கிட்டுக்குச் சண்டை போடுறீங்க. எனக்குப் பறை வேணும். ஒரு கிராமத்துப் பாட்டு. சாம்பிள் தேடி வாங்கினேன், கூட ஃப்ளோர் டாமைக் கீழ போட்டு கனம் ஏத்தினேன். ஸ்பீக்கர்ல கேட்டவங்க எல்லாரும் சூப்பர்னாங்க.

பாட்டுல ரெண்டு வரி பேச எங்க ஊர்ல பறையடிக்கிற பெரியவர் ஒருத்தர் வந்தார். ஹெட்ஃபோன் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். கழட்டிட்டு ஒரே கேள்வி: "தீ காட்டாம அடிச்சிருக்காங்களே, யாரு?"

அடிக்கிறதுக்கு முன்னாடி நெருப்புல காட்டித் தோலை முறுக்கேத்துவாங்கல்ல, அது. தொய்ஞ்ச தோலை யாரோ ஏசி ரூம்ல வச்சுப் பதிவு பண்ணியிருக்காங்கன்னு ஒரே மூச்சுல கண்டுபுடிச்சிட்டார். அதுக்கப்புறம் அந்த ட்ராக்கை எப்போ கேட்டாலும் எனக்குத் தொப் தொப்னுதான் கேக்குது. ஈக்யூல மேல் ஃப்ரீக்வென்ஸி ஏத்திப் பாத்தேன், சுருதியை ஏத்திப் பாத்தேன். அடிக்குச்சி விழற சத்தம் ஓரளவு தேறுது. சிண்டுக்குச்சி (மெல்லிசான நீளக் குச்சி) படபடன்னு பேசுமே, அது வரவே மாட்டேங்குது.

---

ரிம்ஷாட்

சாரல், அவரையே வாசிக்கச் சொல்லியிருக்கலாமே?

---

தென்காசிச் சாரல்

மூணாவது மாடி அபார்ட்மென்ட் அண்ணே. எங்க தீ மூட்டுறது?

---

வடமராட்சியான்

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். சுப்பீரியர் 230 ஜிபிக்கு மேல எண்டு பார்த்த உடனேயே எனக்கு விட்டுப்போச்சு. துண்டு துண்டாவும் இறக்கலாம்தான், எண்டாலும் எங்கட டேட்டா காசுக்கு அது வேண்டாம். ஃப்ரீ கிட் ஒண்டுதான் வைச்சிருக்கிறன். ஸ்நேர் மட்டும் பேப்பரில அடிச்ச மாதிரி.

மச்சான் ஒருத்தன் பள்ளிக்கூடத்தில பாண்ட் பழக்கிறவன். ஒரு நாள் பின்னேரம் பெடியள் எல்லாம் போனாப்பிறகு, வெறும் வகுப்பறையில அந்த பாண்ட் ஸ்நேரை வைச்சு மெல்ல, நடுத்தரமா, பலமா எண்டு அடிச்சுப் பதிஞ்சம். கதிரை மேசை எல்லாம் சேர்ந்து கிர்ர் எண்டு அதிருது. பலமா அடிச்ச ஒண்டில வெளிய காகம் கத்தினதும் விழுந்திட்டுது. நான் அதை வெட்டேல்ல.

அதை சாஃப்ட்வேர் ஸ்நேருக்குக் கீழ கொஞ்சமா, தனியா நிப்பாட்டினால்தான் விளங்கிற அளவுக்கு வைச்சன். பேஸ் வாசிக்க வந்த பெடியன் கேட்டிட்டு, "அண்ணை, ஆரைக் கொண்டு ட்ரம்ஸ் அடிப்பிச்சனீங்கள்? எந்த ஹோல்?" எண்டு கேட்கிறான். கிக்கும் தட்டுகளும் அதே ஃப்ரீ கிட்தான், ஒண்டும் மாத்தேல்ல. ஒரு ஸ்நேருக்கு உண்மையான அறை ஒண்டு கிடைச்சது, அவ்வளவுதான்.

மொட்டைமாடி சொன்ன ஷேக்கர் கதை எனக்குச் சரியாப் படுது. கேரல் சீசன், நீங்களும் அந்த லேடீஸின்ர கைத்தட்டலையே பதிஞ்சு, அதுக்குப் பின்னால கிட்டை வைச்சுப் பாருங்கோ. கிளிக்கை விட்டிடுங்கோ.

---

கேரல் சீசன்

அண்ணே, அது நல்ல யோசனை. ஆனா அவங்க போகப்போக வேகம் ஏத்துவாங்க. கடைசிச் சரணம் வரும்போது மூச்சு வாங்கும்.

---

ரிம்ஷாட்

ஏத்தட்டும். டெம்போ மேப் (இடத்துக்கு இடம் மாறுற வேகக் கணக்கு) போட்டு அவங்க பின்னாலயே கிட்டை ஓட்டுங்க. நாங்க மேடையில பண்றதும் அதான்.

---

நாலாங்கம்பி

வடமராட்சி அண்ணா, அந்த ஸ்நேரை எந்த மைக்ல எடுத்தீங்க?

---

வடமராட்சியான்

மைக் எங்க இருந்தது. ஃபோனில, கரும்பலகைக்குப் பக்கத்தில சோக்குப் பெட்டிக்கு மேல வைச்சு. ஃபைல் இருக்கு, வேணுமெண்டால் அனுப்பிறன். காகத்தோட.