கரீனா 1994, ஓட்டோ கியர்: ‘ஓ/டி ஓஃப்’ லைட் மினுங்குகிறது, கார் எழும்ப மறுக்கிறது

மல்லாவிக் கரீனா:
வணக்கம். என்னிடம் 1994ஆம் ஆண்டு டொயோட்டா கரீனா, நாலு கியர் ஓட்டோ. போன கிழமை அம்மாவை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, கனகராயன்குளம் தாண்டியதும் ‘ஓ/டி ஓஃப்’ லைட் மினுங்கத் தொடங்கியது. ஓவர்டிரைவை, அதாவது நாலாம் கியரை, நிறுத்தும் ஓ/டி பட்டனை நான் தொடவே இல்லை. ஏ9 வீதியில் ஓடிக்கொண்டிருந்தவரை வித்தியாசம் தெரியவில்லை. புளியங்குளத்தில் நிறுத்தி எடுத்தபோதுதான் பயந்துவிட்டேன். எஞ்சின் இரைகிறது, கார் பின்னால் கலப்பை கட்டி இழுப்பதுபோல மெல்ல மெல்ல அசைகிறது. திறப்பை ஓஃப் செய்து திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச நேரம் சரி, பிறகு அதே கதை.

ஒரு கராஜில் காட்டினேன். காரின் பிழை எண்ணை வாசிக்கும் ஸ்கானர் கொண்டுவந்தார்கள், அதைக் குத்த இடமில்லை. உடனே “கியர்பொக்ஸ் முடிஞ்சுது, வேறை பொக்ஸ் போடவேணும்” என்றார்கள். அம்மாவுக்கு மாதத்தில் இரண்டு கிளினிக். காரணம் தெரியாமல் அவ்வளவு காசைக் கொட்ட மனம் வரவில்லை. பிழை எண்ணை நானே பார்க்க வழி இருக்கிறதா?

பரந்தன் வயரிங்:
தம்பி, பொக்ஸை ஒருவரையும் கழற்ற விடாதீர்கள். ஸ்கானர் பொருந்தாதது காரின் குறை இல்லை. அந்த 16 பின் பிளக் அமெரிக்காவில் கட்டாயமானதே 1996இல். ஜப்பானுக்குள் விற்ற 94 வண்டியில் அதைத் தேட வேண்டாம். உங்கள் காரில் எண்ணைச் சொல்வது அந்த மினுங்கும் லைட்தான்.

பொனட்டைத் திறந்தால் மூடி போட்ட சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியின் உள்பக்கம் எந்தத் துளை எது என்று எழுதியிருக்கும். ‘டிஈ1’, ‘ஈ1’ இரண்டையும் சின்ன வயர்த்துண்டால் இணையுங்கள். பக்கத்தில் ‘+பி’ என்ற துளையும் உண்டு, அதில் பட்டால் பியூஸ் போய்விடும், கவனம். பிறகு ஓ/டி பட்டனை ஓனில் விட்டு, திறப்பை ஓன் செய்யுங்கள். ஸ்டார்ட் பண்ண வேண்டாம். பட்டன் ஓஃபில் இருந்தால் லைட் எரிந்தபடியே நிற்கும், எண் வராது.

பிழை இல்லையென்றால் ஒரே சீராக, விநாடிக்கு இரண்டு தடவை மினுங்கும். பிழை இருந்தால் பத்தின் தானம் முதலில், ஒன்றரை விநாடி இடைவெளி, பிறகு ஒன்றின் தானம். 42, 61 இரண்டும் வேக சென்சர்கள். 62 முதலாம் சொலனொயிட் (மின்சாரத்தில் இயங்கிக் கியரை மாற்றும் சின்ன வால்வு), 63 இரண்டாம் சொலனொயிட். 64 லொக்அப் சொலனொயிட் (வேகத்தில் எஞ்சினையும் பொக்ஸையும் நேராகப் பூட்டுவது), அதற்கு ஓடும்போது லைட் மினுங்காது. ஆகவே உங்களுக்கு 64 மட்டும் இருக்க வாய்ப்பில்லை.

குளத்தடி:
எண் பார்க்கிறதுக்கு முதல் ஒயில் மட்டத்தையும் பாருங்கள், தம்பி. நன்றாக ஓடிச் சூடான பிறகு, எஞ்சின் ஓட, ‘பி’யில் வைத்து டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். கருகின மணம் வந்தால் வேறு கதை. சண்டைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஒஸ்டின் கார் ஓட்டின ஆள் நான். அதில் எண் பார்க்க ஒரு லைட்டும் இருக்கவில்லை, மூக்கும் காதும்தான். இப்பவும் மூக்கை விட்டுவிடாதீர்கள்.

மல்லாவிக் கரீனா:
ஒயில் சிவப்பாகத்தான் இருக்கிறது, கருகின மணம் இல்லை. எண்ணும் எடுத்தேன். ஆறு, இடைவெளி, இரண்டு. மூன்று தடவை பார்த்தேன், 62தான். அப்படியென்றால் சொலனொயிட் வாங்க வேண்டுமா?

பரந்தன் வயரிங்:
இன்னும் வாங்க வேண்டாம். 62 சொல்வது முதலாம் சொலனொயிட்டின் மின்பாதையில் அறுப்போ ஷோர்ட்டோ இருக்கிறது என்பதை மட்டும். அந்தப் பாதையில் வயர், பிளக், சொலனொயிட் மூன்றும் இருக்கின்றன.

உங்கள் கார் இழுக்காததும் இதோடு பொருந்துகிறது. முதலாம் கியருக்கு முதலாம் சொலனொயிட் மட்டும் ஓனாக வேண்டும், இரண்டாம் கியருக்கு இரண்டும், மூன்றாம் கியருக்கு இரண்டாவது மட்டும். முதலாவது செத்தால் கியரை மாற்றச் சொல்லும் கொம்பியூட்டர் மற்றதை வைத்துச் சமாளிக்கும், ‘டி’யில் கார் மூன்றாம் கியரில்தான் எழும்பும். பொக்ஸின் உள்ளே தேய்ந்ததால் வந்த இழுப்பின்மை இல்லை இது. அவசரத்துக்கு ‘எல்’லில் (லோ கியர்) வைத்து எழும்பி, வேகம் வந்ததும் ‘டி’க்கு மாற்றுங்கள். அம்மாவைக் கூட்டிப் போகலாம்.

இப்போது மல்டிமீற்றர். பற்றரியைக் கழற்றிவிட்டு, கியர்பொக்ஸில் இருக்கும் சொலனொயிட் பிளக்கைப் பிரியுங்கள். பொக்ஸ் பக்கத்துப் பிளக்கில் முதலாம் சொலனொயிட்டின் முனைக்கும் காரின் உலோக பொடிக்கும் இடையில் 11 முதல் 15 ஓம் வர வேண்டும். இதை ஆறிய நிலையில் ஒருக்கா, ஓடிச் சூடான பிறகு ஒருக்கா பாருங்கள். சொலனொயிட்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சிலவேளை சூட்டில்தான் அறும், குளிரில் சரியாகக் காட்டி ஏமாற்றும். இரண்டு தடவையும் சரி என்றால் பிளக்கைத் திரும்பக் குத்திவிட்டு, கொம்பியூட்டர் பக்கத்து பிளக்கில் அதே வயரை அளந்து பாருங்கள். அங்கேயும் அதே ஓம் வர வேண்டும். வராவிட்டால் நடுவில் வயர் போய்விட்டது.

மல்லாவிக் கரீனா:
அண்ணை, பொக்ஸ் பக்கம் ஆறியபோது 13, சூட்டில் கொஞ்சம் கூட, ஆனால் 15க்குள்தான். கொம்பியூட்டர் பக்கம் ஒன்றுமே இல்லை. ஆனால் வயர்க்கட்டை அசைத்தால் சிலவேளை 13 வந்து வந்து போகிறது.

பரந்தன் வயரிங்:
அசைத்தால் வருகிறதென்றால் அங்கேதான். பற்றரித் தட்டுக்குக் கீழே இருந்து வயர்க்கட்டின் டேப்பைப் பிரித்துக்கொண்டு போங்கள்.

மல்லாவிக் கரீனா:
பிடிபட்டது! பற்றரித் தட்டுக்குக் கீழே எலி கடித்திருக்கிறது. காலபோக நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மாதம் கார் நின்றது. ஒரு வயர் ஒரேயொரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது, அதுவும் பச்சை பூத்துப்போய். பக்கத்து வயரின் தோலும் போயிருந்தது. இரண்டையும் வெட்டிச் சால்டர் பண்ணி, சுருங்குகுழாய் போட்டேன். பழைய எண்ணை எப்படி அழிப்பது?

பரந்தன் வயரிங்:
திறப்பை ஓஃப் செய்து, ‘ஈஎஃப்ஐ’ என்று எழுதிய 15 அம்பியர் பியூஸைப் பத்து விநாடிக்கு மேல் கழற்றி வைத்துத் திரும்பப் போடுங்கள். ரேடியோ, மணிக்கூடு அழிந்தால் கவலைப்படாதீர்கள். பிறகு ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்ப எண் பாருங்கள்.

மல்லாவிக் கரீனா:
அழித்துவிட்டு மாங்குளம் போய், அங்கிருந்து ஒட்டுசுட்டான் வரை ஓடித் திரும்பினேன். நாலு கியரும் ஒழுங்காக மாறுகின்றன. வீட்டுக்கு வந்து திரும்ப வயர்த்துண்டு போட்டுப் பார்த்தேன், சீராக மினுங்குகிறது, எண் இல்லை. செவ்வாய்க்கிழமை அம்மாவின் கிளினிக். அண்ணை, குளத்தடி ஐயா, இரண்டு பேருக்கும் மனம் நிறைந்த நன்றி.

குளத்தடி:
சந்தோசம், தம்பி. அந்த மூட்டைகளை இன்றைக்கே கராஜ் கொட்டிலில் இருந்து எடுத்துவிடுங்கள். போகும் வழியில் முன்சீற்றை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி விடுங்கள், அம்மா கால் நீட்டி இருக்கட்டும்.