புதுப்பிப்பு: அந்தப் புல்லாங்குழல் எந்த மெல்லோட்ரான்?

பீட்டில்ஸின் ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ தொடக்கத்தில் வரும் புல்லாங்குழல் ஒலி மெல்லோட்ரானில் (கட்டையை அழுத்தினால் நாடாவில் பதிந்த வாத்திய ஒலியை எழுப்பும் கீபோர்டு) வாசித்தது; அது மார்க் 2 மாடலா, எம்400 மாடலா என்று முன்பு கேட்டிருந்தேன். காதைத் தீட்டிக்கொள்வதைவிட ஆண்டைப் பார்ப்பது சுலபம். பாட்டு பதிவானது 1966 இறுதியில். எம்400 வெளிவந்ததே 1970-இல். ஆக, மார்க் 2தான். கிங் கிரிம்சன் இசைக்குழுவின் 1969 ஆல்பத்துக்கும் இதே கணக்கு.

1970-க்குப் பிறகு பதிவான பாட்டுகளில்தான் தலைவலி. இரண்டிலும் ஒவ்வொரு கட்டைக்கும் தனி நாடா, சுமார் எட்டு நொடியில் தீர்ந்துவிடும். ஒலிகளும் பெரும்பாலும் ஒரே மூலப்பதிவுகள். பழைய புகைப்படம் கிடைத்தால் நல்லது: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீபோர்டு இருந்தால் மார்க் 2. எம்400-இல் ஒன்றுதான், 35 கட்டைகள்.

அப்புறம், லெட் செப்பெலினின் ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ பாட்டில் வரும் குழல் ஒலியும் மெல்லோட்ரானா என்று கேட்டவருக்கு: இசைத்தட்டில் ஜான் பால் ஜோன்ஸ் வாசித்தது நிஜமான ரெக்கார்டர் குழல். மேடையில்தான் மெல்லோட்ரான்.